ஷாஜன் அண்ணனின் வலது கால்

ஆரல்வாய்மொழி,
3 ஜூன் 2025

மதிப்பிற்குரிய சுபிதா மேடத்துக்கு,

நான் ஆன்ஸ்லின். பத்தொன்பது வயது. நீங்கள் யாரென்று எனக்கு முழுசாகத் தெரியும். நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது, அதுதான் இந்த மெயில்! விமானிகளை சிமுலேட்டரில் உட்கார்த்தி, எஞ்சினை அணைத்து, காற்றைத் திருப்பி, வியர்க்க வைக்கிற மார்த்தாண்டத்துக்காரி! உங்கள் பேட்டியைப் பதினேழு தடவை பார்த்துவிட்டேன். "இஞ்ச விழுந்தா ஒருத்தரும் சாவ மாட்டாவ, அதனால இஞ்சயே விழுந்து படிச்சிரணும்" என்று சொன்னீர்களே, அதை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

என் அறையிலும் ஒரு சிமுலேட்டர் உண்டு. எல்லாம் நெட்டில் பார்த்துப் படித்ததுதான். அம்மாவின் பழைய தையல் மிஷின் மிதியை வெல்டிங் கடையில் இரண்டாக அறுத்து, விமானத்தின் மூக்கைத் திருப்புகிற இரண்டு மிதிகளாக்கினேன். "தைக்கியதுக்கு வாங்கினத வச்சுப் பறக்குதாளாம்" என்று அம்மா இன்னும் திட்டுகிறாள்.

என் அண்ணன் ஷாஜன் உங்கள் கம்பெனியில்தான் துணை விமானி. இந்த மாதம் அவனுக்கு அரையாண்டு சிமுலேட்டர் தேர்வு, உங்களிடம். பொறாமையாக இருக்கிறது.

உங்கள் பெரிய ரசிகை,
ஆன்ஸ்லின்


பெங்களூரு,
5 ஜூன் 2025

அன்புள்ள ஆன்ஸ்லின்,

தையல் மிஷின் மிதியை வாசித்துவிட்டுச் சிரித்தேன்; பக்கத்து மேசைக்காரர்களுக்கும் சொன்னேன். அது கிறீச்சிட்டால் தேங்காயெண்ணெய் விடாதே, தூசி பிடிக்கும். மிஷின் எண்ணெயே விடு. மேடம் வேண்டாம், அக்கா போதும். உன் அண்ணனைப் பற்றி மட்டும் நாம் பேச வேண்டாம். அது முறையில்லை.

அன்புடன்,
சுபிதா


ஆரல்வாய்மொழி,
21 ஜூன் 2025

என் சுபிதா அக்காவுக்கு,

பாஸ்! அண்ணன் பாஸ்! "கை ரொம்ப நிதானம்" என்று நீங்களே சொன்னீர்களாமே! அம்மா தெருவெல்லாம் லட்டு கொடுத்தாள்.

தேர்வு முடிந்துவிட்டது, இனி ஒரு ரகசியம் சொல்லலாம். உங்களிடம் தேர்வுக்கு வந்த பன்னிரண்டு பேர், விமானிகளும் ரசிகர்களும் இருக்கிற எங்கள் ஆன்லைன் குரூப்பில் போட்டதையெல்லாம் சேர்த்துப் பார்த்தேன். எப்போதும் ஒரே வரிசை! ஏறும்போது இடது எஞ்சின் போகும். திரும்பி வரும்போது ஒரு சக்கரம் இறங்காது. தரை தொடும் நேரத்தில் காற்று திரும்பும். பட்டியல் போட்டு, அண்ணனை என் மேசையில் இருபது தடவை பறக்க வைத்தேன். "ஏட்டி, இது சரியா?" என்று கேட்டான். "போண்ணே, அக்காவ எனக்குத் தெரியும்" என்றேன். கண்டுபிடித்துவிட்டேன் பார்த்தீர்களா!

பெருமையுடன்,
உங்கள் ஆன்ஸ்லின்


பெங்களூரு,
22 ஜூன் 2025

ஆன்ஸ்லின்,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். பிறகு என் மேலதிகாரியிடம் காட்டினேன்.

முதல் தப்பு என்னுடையது. வசதிக்காக இரண்டு வருடம் ஒரே வரிசையை ஓட்டியிருக்கிறேன். அதை எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணை முடியும்வரை நான் யாருக்கும் தேர்வு நடத்த மாட்டேன். இந்த வருடம் என்னிடம் தேறிய எல்லோருக்கும் மறுதேர்வு, வேறொருவரிடம். அதுவரை உன் அண்ணன் பறக்க முடியாது.

நான் பாராட்டியது அவர் கையையா, உன் பட்டியலையா? எனக்குத் தெரியவில்லை. தெரியாததற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் பின்னால் நூற்றெண்பது பேரை உட்கார்த்த என்னால் முடியாது.

மறுதேர்வு முடியும்வரை எனக்கு எழுதாதே.

சுபிதா


ஆரல்வாய்மொழி,
17 ஆகஸ்ட் 2025

சுபிதா அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதவில்லை. இப்போது எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "உனக்க வாய எவன் தொறக்கச் சொன்னான்?" என்றதோடு சரி. அம்மா உங்களை ஏசாத நாளில்லை. "நம்ம ஊருக்காரியே எனக்க மோன வீட்டுல இருத்திட்டாளே!"

மறுதேர்வில் அண்ணன் தோற்றான்.

அன்று அவர்கள் அணைத்தது வலது எஞ்சின். இடது காலால் மிதிக்க வேண்டும். இடது எஞ்சினுக்கே பழகிப்போன அண்ணனின் வலது கால் தானாகவே போய் மிதித்துவிட்டது. திருத்துவதற்குள் விமானம் சரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து என் மிதிகளைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "ஏட்டி, எனக்க காலு உனக்க பேச்சக் கேட்டுட்டு. எஞ்சின் பேச்சக் கேக்கல" என்றான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகு மறுபடியும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இந்த முறை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்பதாம் தேதி தேறினான்.

பட்டியலை அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்று குரூப்பில் எழுதினேன். மறுதேர்வு என்னால்தான் என்று தெரிந்ததும் என்னைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள்.

நேற்று அண்ணன் ஓட்டிய சென்னை–திருவனந்தபுரம் விமானத்தில் அம்மாவும் நானும் வந்தோம், அதற்காகவே ரயிலேறிச் சென்னைக்குப் போய். அம்மாவுக்கு முதல் தடவை. பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மக்கா, அவன ஒருத்தி நிறுத்தி வச்சாளே, மார்த்தாண்டத்துக்காரி, அவ ஒருத்தரயும் சும்மா விடுதவ இல்லல்லா?" என்றாள்.

"இல்லம்மா. சரியில்லாம ஒருத்தரயும் விட மாட்டாவ" என்றேன்.

"அப்ப நான் ஒறங்குதேன்" என்றாள். திருவனந்தபுரம் வரை குறட்டை, அக்கா.

நீங்கள் மறுபடி தேர்வு நடத்த அந்த சிமுலேட்டர் பெட்டிக்குள் போய்விட்டீர்களா? அதை மட்டும் ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் சுவரில் ஒட்டியது அங்கேயே இருக்கும்.

இன்றும் உங்கள் ரசிகை,
ஆன்ஸ்லின்