ஜன்னலில் மாட்டிய சட்டை

பிள்ளையோட வாப்பாவுக்கு,

நம்ம பிள்ளை கண்மூடிய நாற்பதாம் நாளுக்கு ஓதி முடிந்தது. பிரான்சில், மார்சேயில் உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்று கேட்டவர்களிடம் சொல்லிவிட்டேன். வந்தவர்களுக்கு ஆக்கிய குஸ்குஸ் மிஞ்சிவிட்டது.

அவன் கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்காமல் ஜன்னலில் மாட்டியிருந்தேன். தினமும் எடுத்து மோந்து பார்ப்பேன். இந்த வாரம் அதில் அவன் வாடையே இல்லை. என் மூக்குதான் கெட்டுப்போச்சு என்று நினைத்தேன்.

மொனாஸ்தீர் துணி ஆலையில் அவனோடு வேலை செய்த நௌஃபல் வந்திருந்தான். சட்டையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"உம்மா, இது நாங்க செஞ்ச துணி. துத்தநாகத்துல எடுத்த பொடி பூசியிருக்கு, கண்ணுக்குத் தெரியாது. வெயில் பட்டா வேர்வை, கிருமி எல்லாத்தையும் அதுவே தின்னுடும். 'எங்க உம்மா தேய்ச்சுத் தேய்ச்சே என் சட்டையைக் கொல்றாங்க, இனி அவங்க கை ஓயட்டும்டா'ன்னு சொல்லித்தான் வாங்கிட்டுப் போனான்."

அவனுக்கு டீ கொடுத்தேன்.

காலர் மடிப்புக்குள் வெளிச்சம் போயிருக்காது என்றான். சட்டையைக் கறுப்புத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். மடிப்பைப் பிரிக்கவில்லை. நீங்கள் வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பிரிப்போம். முதலில் நீங்கள் மோந்து பாருங்கள்.

பிள்ளையோட உம்மா