முதலாந் தவணையின் ஐம்பத்திரண்டு

சேர்,

இன்றும் மழை. தொழினுட்ப அறையின் மூலையில் என் குடை சாய்ந்து கிடக்கிறது. ஈரத் துணியின் புளித்த மணம். தண்ணீர் சீமெந்துத் தரையில் வழிந்து உங்கள் மேசைக்கடியில் தேங்குகிறது. குடையைக் கொழுவ இடமில்லை. சுவரில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும்.

உங்களுக்குக் கொழுவ இடம் இருந்தது.

உங்களைப் பற்றிய நல்லதெல்லாம் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அச்சாகிவிட்டது. பாடசாலையின் தூண். அர்ப்பணிப்பின் மறுபெயர். வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொன்று தந்தார்கள். அதில் இடம் கிடைக்காதவற்றை இங்கே எழுதுகிறேன்.

நான் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே உங்களிடம் ஆசிரியையாக வந்து சேர்ந்த ஆண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் ஒரு தேவையைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு பொருள் செய்து வரச் சொல்லியிருந்தோம். ரெஜிபோம் அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி வீடுகள் வந்தன. சின்ன பல்பு எரியும். காற்றாலை சுற்றும். பச்சைச் சாயம் போட்ட மரத்தூளில் புல்தரை. காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு கடை இவற்றைச் செய்து விற்கிறது. மூன்று பிள்ளைகள் ஒரே வீட்டைக் கொண்டுவந்தார்கள், கூரையின் நிறம் மட்டும் வேறு. வெள்ளவத்தை மாடிவீடுகளில் யாருக்குக் காற்றாலை தேவைப்பட்டது என்று நீங்கள் கேட்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பலகார மேசையைப் பார்ப்பவர் போல நடந்தீர்கள். பினிஷிங் நல்லம் என்றீர்கள். எதையும் தொடவில்லை.

நிஸ்ரினுடையதை மட்டும் தொட்டீர்கள்.

தெமட்டகொடைப் பிள்ளை. ரயில் தரிப்பிடத்துக்குப் பின்புறம் வீடு. என்ஜின் புகை காயப்போட்ட உடுப்பில் கரியாகப் படியும். அதற்காக அவள் செய்தது ஓர் உடுப்புக்கொடி. சுவரில் பூட்டும் சட்டம், சில கம்புகள், ஒரு கயிறு. கயிற்றை இழுத்தால் கம்புகள் உடுப்போடு சுவரில் ஒட்டி மடங்கும், மேலிருந்து பொலித்தீன் திரை விழுந்து மூடும். பழைய பெட்டிப் பலகை. வர்ணமே இல்லை. பத்தாம் வகுப்பில் வடிவமைப்புப் பாடம்தான் எடுப்பேன் என்று முதல் வாரமே என்னிடம் சொல்லிவைத்தவள் அவள்.

நீங்கள் கயிற்றை இழுத்தீர்கள். விட்டீர்கள். மறுபடி இழுத்தீர்கள். கவிழ்த்து, ஒவ்வொரு பொருத்தையும் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் சரிந்து, அவளுக்குக் கேளாமல்:

“எண்பத்தைஞ்சு பெறும், பிள்ளை.”

புள்ளித்தாளில் ஐம்பத்திரண்டு என்று எழுதினீர்கள்.

ஏன் என்று கேட்டேன். என்னை இரக்கத்தோடு பார்த்தீர்கள்.

“இப்பவே எண்பத்தைஞ்சைக் குடுத்திட்டா மூண்டாந் தவணையில எங்க கொண்டுபோய் ஏத்துறது? வளர்ச்சி காட்ட வேணுமெல்லோ.”

அவ்வளவுதான் உங்கள் கலை. அலுவலகச் சுவரில் அது நிறம் தீட்டிய வரைபடமாகத் தொங்கியது. வகுப்புக்கு மூன்று கட்டங்கள், படிக்கட்டு மாதிரி. முதலாந் தவணையில் எல்லாப் பிள்ளைகளும் மந்தம். மூன்றாந் தவணையில் எல்லோரும் கெட்டிக்காரர். ஜனவரி பிறந்ததும் மறுபடி மந்தமாகிவிடுவார்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்று தேநீர் குடித்துவிட்டு உங்களைப் பாராட்டிப் போனார்கள். கணிப்பீடு பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பெயர் இல்லை. வெளியில் இதற்குப் பெயர் உண்டு. மலரில் போட மாட்டார்கள்.

உடுப்புக்கொடியைத் திருப்பிக் கொடுக்கவுமில்லை நீங்கள். கண்காட்சிக்கு வேண்டும் என்றீர்கள். கண்காட்சிக்குப் போனவை காற்றாலை வீடுகள். மழை தொடங்கியதும் அதை உங்கள் கதிரைக்குப் பின்னால் சுவரில் பூட்டினீர்கள். அதில் உங்கள் கறுப்புக் குடை தொங்கியது. சில நாள்களில் முகம் துடைத்த கைலேஞ்சியும்.

கொப்பிகளை வைக்க வந்த நிஸ்ரின் ஒரு நாள் அதைப் பார்த்தபடி நின்றாள். என்னிடம்தான் கேட்டாள்.

“நல்லமில்லாட்டி சேர் ஏன் மிஸ் அதுல குடைய கொழுவுற?”

உங்களுக்கும் கேட்டது. சிரித்தீர்கள். முன்னேற இன்னும் இடமிருக்கு மகள் என்றீர்கள்.

மூன்றாந் தவணையில் அவளும் காற்றாலை வீடு கொண்டுவந்தாள். சிவப்புக் கூரை. கடையின் விலைத்தாளை அடியில் உரித்த பசை கூடக் காயவில்லை. எண்பத்தெட்டுப் போட்டீர்கள். பிள்ளை எப்படி வளர்ந்துவிட்டது பாரும் என்று என்னிடம் சொன்னீர்கள். அப்போது உங்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சி பொய் இல்லை. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

பத்தாம் வகுப்புக்குப் பாடம் தெரிவுசெய்தபோது அவள் வணிகத்துக்குப் போனாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

“சேர்ட பாடம் வேணாம் மிஸ். அத கடையில வாங்கலாம்.”

பிறகு உங்கள் நெஞ்சு வலி. பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முன்பே எல்லாம் முடிந்திருந்தது. மலருக்கு நானும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றார்கள். ஒரு வசனம் கொடுத்தேன். ‘நிஸ்ரின் செய்த உடுப்புக்கொடி எண்பத்தைந்து புள்ளி பெறும் என்று சேர் முதலாந் தவணையிலேயே என்னிடம் சொன்னார்.’ பூ வேலைப்பாட்டுக்குள் வைத்து அச்சடித்தார்கள். அன்பான மனிதர் என்று வாசித்தவர்கள் தலையாட்டினார்கள்.

ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தேன். இந்த அறையில், நின்றபடியே வாசித்தாள்.

“அப்ப, தெரிஞ்சுதான் போட்டாரா?”

ஓம் என்றேன்.

அவள் அழவில்லை. திருகாணி கழற்ற ஏதாவது இருக்கா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அப்போதும் தொங்கிக்கொண்டிருந்த உங்கள் குடையை எடுத்துச் சுற்றி, பட்டனைப் போட்டு, உங்கள் கதிரையில் வைத்தாள். பிறகு தன் பொருளைக் கழற்றினாள். ஒரு பொருத்தும் இளகியிருக்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

இப்போது புள்ளி போடுவது நான். நேற்றுப் பாடசாலைப் பிரதி அதிபர் புள்ளித்தாளைத் திருப்பிப் பார்த்தார். முதலாந் தவணையிலேயே எண்பதா மிஸ், இனி எங்கே ஏறும் என்று கேட்டார். ஏறாவிட்டால் நிற்கட்டும் என்றேன். படிக்கட்டுப் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார். திரும்பி வருவார்.

உங்களிடமிருந்து ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன், சேர். விருப்பமில்லாமல்தான். பொருத்தைப் பெருவிரலால் அமுக்கிப் பார்க்கிறேன். அமுக்கும்போதே எண் தெரிந்துவிடுகிறது, உங்களுக்குத் தெரிந்தது போலவே. அதை முதலில் பிள்ளைக்குச் சத்தமாகச் சொல்கிறேன். பிறகுதான் பேனையை எடுக்கிறேன்.