எனக்கு நீ வைத்த நோய்

அம்மா,

புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் இருந்து இப்போதுதான் வந்தேன். கைப்பையில் ஒரு தாள் இருக்கிறது. முத்திரையின் ஊதா மை இன்னும் முழுசாகக் காயவில்லை, விரலில் ஒட்டுகிறது, அதன் வாசனை வீடுவரை கூடவே வந்துவிட்டது. கறம்பக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. சேர்வதற்கு உடல்தகுதிச் சான்று கேட்டார்கள். டாக்டர் பிரஷர் பார்த்தார், கண் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். "பழைய வியாதி ஏதும் இருக்காம்மா?" என்றார். அவர் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் "இல்ல சார்" என்றேன். பொய் சொல்கிறவளைப்போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எட்டு வருடமாக நம் ஊர் ஆவூரே முழங்கால் போட்டு ஜெபித்த நோய் அவர் கண்ணுக்குப் படவே இல்லை.

அண்ணனுக்கு நாலு வயசில் மூளைக்காய்ச்சல் வந்த கதையை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். நான் அப்போது உன் வயிற்றில் ஏழு மாதம். மாதா கோயில் வாசலில் முழங்கால் போட்டு, "எம்மவனக் காப்பாத்திக் குடு தாயே, வயித்துல இருக்கறத ஒனக்கே குடுத்துர்றேன்" என்று நேர்ந்துகொண்டாய். அண்ணன் பிழைத்தான். நான் பிறந்தேன். ஆட்டுக்குட்டியை நேர்ந்துவிட்டால் ஊருக்குத் தெரியும், யாரும் அதை விலைக்குக் கேட்கமாட்டார்கள். என்னையும் யாரும் எதுவும் கேட்டதில்லை. வளர்ந்து என்ன ஆகப்போகிறீர்கள் என்று டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருவார். என் பெஞ்சுக்கு வந்ததும் "நீதான் சிஸ்டராச்சே" என்று சிரித்துவிட்டு அடுத்தவளிடம் போய்விடுவார். அப்போதெல்லாம் எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

ப்ளஸ் டூ முடித்த கையோடு கன்னியர் மடத்துக்குப் போனேன். நாலு வருடம். அங்கிருந்தே காலேஜ் படித்தேன். மடத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரச் சொன்னார்கள். பின்னம் புரியாமல் அழுத ஒரு பிள்ளைக்குச் சப்பாத்தியைப் பிய்த்துப் பிய்த்துக் காட்டினேன். "ஓ, இம்புட்டுத்தானா சிஸ்டர்" என்று அவள் சிரித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் மடத்துக் கோயிலில் ஒருநாளும் வந்ததில்லை. கோயிலில் எனக்கு முழங்கால்தான் வலித்தது. கன்னியாகவே வாழ்வேன் என்று முதல் வார்த்தைப்பாடு கொடுக்க இரண்டு மாதம் இருக்கும்போது மடத்துத் தலைவியான மதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இதுதான் ஒனக்குன்னு தோணுதா ரீத்தா?" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான் அம்மா. ஒரு வாரம் யோசித்துவிட்டு "இல்ல மதர்" என்றேன். அவர் திட்டவில்லை. உனக்கு ஒரு கடிதம் எழுதி என் கையில் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் தெருவுக்குள் நுழைந்தபோது குழாயடியில் எதிர்வீட்டுச் சவேரி அத்தை நின்றார். "என்னத்தா, லீவா?" என்றார். வழியெல்லாம் சொல்லிப் பழகிய பதில் என் வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் நீ ஈரக்கையோடு வெளியே ஓடிவந்தாய். என் முகத்தைப் பார்த்தாய், பெட்டியைப் பார்த்தாய். "ஒடம்பு சரியில்லன்னு அனுப்பிட்டாங்க மதினி" என்றாய். எப்படி அம்மா அவ்வளவு சட்டென்று வந்தது உனக்கு?

உள்ளே வந்து கதவைச் சாத்தினாய்.

"ஏம்மா பொய் சொன்ன? நானாத்தான் வந்தேன். மதர் லெட்டர்ல எழுதியிருக்காங்க பாரு."

"நீயா வந்தேன்னு வெளிய மூச்சு விட்ட, தொலச்சுப்புடுவேன்."

"ஏன்?"

"சாமிக்குக் குடுத்தத நானே திருப்பி வாங்குனதா ஆயிரும்டி. ஒங்கண்ணனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? சீக்குப் புள்ள வேணாம்னு சாமியே அனுப்பிச்சா அது எங்குத்தமில்லயில்ல."

பிரிக்காமலேயே கடிதத்தை அடுப்பில் போட்டாய். அண்ணன் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு கல்லுக்குண்டாட்டம் இருந்தான். நான் பிறப்பதற்கு முன்னாலேயே அவனுக்காக என்னை ஒருமுறை கொடுத்தாய். அன்றைக்கு அந்த அடுப்படியில் மறுபடியும் கொடுத்தாய். உன் பயம் எனக்குப் புரிகிறது. புரிவதால் ஆறவில்லை.

நோய்க்கு முதலில் பேர் இல்லை. கேட்கிறவர்கள் கேட்கக் கேட்க அது வளர்ந்தது. தலைவலி என்றாய், மயக்கம் என்றாய், கடைசியில் நரம்புத் தளர்ச்சி என்று நிலைத்தது. விராலிமலை மெடிக்கலில் சத்து மாத்திரை வாங்கிவந்து, யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்கள் பார்க்க என் உள்ளங்கையில் வைப்பாய். நான் முழுங்குவேன். ஏன் முழுங்கினேன் என்று என்னையே திட்டிக்கொள்ளாத நாளில்லை. உனக்குப் பயந்து என்று சொன்னால் அது பாதிதான். நோயாளியாக இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை, அது எனக்கும் சௌகரியமாக இருந்தது. ஆறு மாதம் ஊர் வாய் ஓயட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வாய்விட்டுக் கத்தவும் முடியாமல் போயிற்று.

பி.எட். சேரவேண்டும் என்றேன். "நரம்பு வீக்கானவ தெனம் பஸ்ல போவாளா? நாலு பேரு என்ன நெனப்பாக?" என்று மூன்று வருடம் தள்ளிப்போட்டாய், அதற்குப் பிறகுதான் சேர்ந்து முடித்தேன். கீரனூர்ப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள், நினைவிருக்கிறதா? மாப்பிள்ளையின் அம்மா காபியைக் கையில் வாங்கிக்கொண்டே, "அந்த நரம்பு வியாதி இப்ப எப்படி இருக்குங்க?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்று நீ சொல்லப்போகிறாய் என்று உன் முகத்தையே பார்த்தேன். "மாத்திரையில ஓடுதுங்க" என்றாய். அவர்கள் போன பிறகு உன் முகத்தில் வருத்தமே இல்லை, ஒரு நிம்மதி இருந்தது. சாமிக்கென்று நேர்ந்ததை மனுசனுக்குக் கொடுக்காமல் தப்பித்துவிட்ட நிம்மதி. அந்த முகத்தை நான் மன்னிக்கவில்லை அம்மா. இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிறகு உனக்கு நிஜமாகவே நோய் வந்தது. சர்க்கரை முற்றி கிட்னி போயிற்று. குளிப்பாட்டினேன், அள்ளினேன், கொட்டினேன். "சீக்குப் புள்ளயா இருந்தும் என்னமாப் பாக்குது பாரு" என்று வந்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியில் நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "நான் நானாத்தானே வந்தேன்? ஊருக்குச் சொல்ல வேணாம்மா, எங்கிட்டயாச்சும் ஒருக்கா சொல்லு." நீ என்னையே பார்த்தாய். நிஜமான கவலையோடு பார்த்தாய். "மாத்திரை போட்டியாடி?" என்று கேட்டாய். அதை நீயே நம்பிவிட்டாயா, இல்லை என்னிடமும் நடித்தாயா என்று எனக்குத் தெரியாது. நாலு நாளில் போய்விட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பூசையில் மன்றாட்டு வாசிக்கிற பிள்ளைக்குப் பரீட்சை. கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் அந்தத் தாளை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நோயாளிகளுக்காக மன்றாடும் இடத்தில் ஐந்து பேர் பெயர் இருந்தது, மூன்றாவது பெயர் என்னுடையது. நீ மாதாமாதம் எழுதிக்கொடுத்த பெயர், உன் ஆசைக்காக அவர் எடுக்காமல் வைத்திருந்தாராம். மைக் முன்னால் நின்று நாலு பெயரை வாசித்தேன். என் பெயரை விட்டுவிட்டேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சவேரி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒம்பேர விட்டுட்டியே ஆத்தா."

எட்டு வருடம் கழித்து வாயைத் திறந்தேன். "எனக்கு நோயே இல்ல அத்த. எப்பவுமே இருந்ததில்ல. மடம் எனக்குப் பிடிக்கல, நானாத்தான் வந்தேன்." முழுசாகச் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. என் தலையைத் தடவிக்கொடுத்தார். "ஒங்கம்மா அப்பவே சொல்லிட்டா ஆத்தா. நோயே இல்ல, நானா வந்தேன்னு ஒருநா சொல்லுவா, அப்பத்தான் சீக்கு முத்திருக்குன்னு அர்த்தம், கொஞ்சம் பாத்துக்கங்க மதினின்னு அழுதா." பிறகு என்னை ஒரு கைக்குழந்தையைப்போல அணைத்து, வீடுவரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

நாளை மறுநாள் கறம்பக்குடிக்குப் போகிறேன். அங்கே உன்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது, பெற்றவளைப் பற்றி இப்படிச் சொல்லக்கூடாது, இருந்தாலும் இருக்கிறது. முப்பது வயசாயிற்றே, இத்தனை நாள் எங்கே இருந்தீங்க என்று அங்கே யாராவது கேட்பார்கள். "மடத்துல இருந்தேங்க, பிடிக்கல, வந்துட்டேன்" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான், நாலு வார்த்தை. நேற்றிலிருந்து அடுப்படியில் தனியாக நின்று சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும், நான் தொடங்குவதற்கு முன்னாலேயே, வாய் "ஒடம்பு" என்றுதான் தொடங்குகிறது.