உன் கல்லுக்கு எந்த மலை?

மச்சான்,

சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன மாதம் உன் வீட்டுப் பின்னால், யாரும் பார்க்காத நேரமாய், உன் வெள்ளை மார்பிள் கல்லை நக்கிப் பார்த்தேன். "இத்தாலி கல்லுன்னா நாக்குல உப்புக் கரிக்கும்டா" என்று நீ சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. கரிக்கவில்லை. மீன் வாடைதான் அடித்தது. உன் பெண்சாதி, தங்கச்சி, அதன்மேல்தான் மீன் அறுப்பாள்.

மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூர் அடுக்குமாடிகளுக்கு மார்பிள் பாலிஷ் போடப் போவோமே, அந்த வண்டியில் தினமும் ஆரம்பிப்பாய். "எங்க வூட்டுக் கல்லு துரை பங்களாவுது. துரையே எங்க தாத்தாவுக்குக் குடுத்தாரு."

"துரை குடுத்தாரா, கல்லறையில இருந்து தாத்தா தூக்கினாரா?" என்பேன்.

நான் நம்பியதே இல்லை. தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து கேஜில் மேலே வந்தவர்களை, தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து அனுப்பிய ஊர் இது. அவர்கள் பிள்ளைகள் நாம். யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்க்குமுன் பையைப் பார்ப்போம்.

இப்போது தங்கச்சி அந்தக் கல்லையே உன் கல்லறைக்கு வைக்க வேண்டும் என்று நின்றாள். நம் பழைய கேலி சர்ச் ஐயர் காதுக்கும் போயிருந்தது. "வேற ஒருத்தர் கல்லறைக் கல்லா இருந்தா நான் ஜெபம் பண்ண மாட்டேன்" என்றுவிட்டார்.

எழுத்து ஏதும் இருக்கிறதா என்று கல்லைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. அதுதான் இன்னும் உறுத்தியது. பாலிஷ்காரன் வீட்டுக் கல்லில் பழைய எழுத்து எப்படி மிஞ்சும்?

அந்தச் சமயம், இங்கிலீஷ்காரர் கல்லறைகளின் மார்பிள் எங்கிருந்து வந்தது என்று ஆராய பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கெஞ்சிக் கேட்டதும், உன் கல்லிலும் நகத்தளவு சில்லு எடுத்துப் போனாள்.

"செத்தவரைக் கூட கேட்ல நிறுத்தி செக் பண்றீங்க இல்லண்ணா?" என்றாள் தங்கச்சி. சிரித்து வைத்தேன்.

அந்தப் பெண் திரும்பி வந்து சொன்னாள். மார்பிளுக்குள் கரியும் ஆக்சிஜனும் இருக்குமாம். அவற்றிலேயே கனமானது, லேசானது என்று உண்டாம். அந்தக் கலவை குவாரிக்குக் குவாரி மாறுமாம். அதையும் கல்லுக்குள் மின்னும் மணிகளின் அளவையும் பார்த்து, ஆயிரக்கணக்கான வருஷத்துச் சிலைகளுக்கே ஊர் கண்டுபிடிக்கிறார்களாம்.

"உங்க ஃப்ரெண்ட் கல்லு இத்தாலி மலை ஒண்ணோட ஒத்துப்போகுது சார்."

ஜெயித்துவிட்டாயே என்று நினைத்தேன்.

"இங்க இருக்கற கல்லறைங்களும் அதே மலைதான்" என்றாள்.

"அப்போ குடுத்ததா, தூக்கினதா?"

"அது டெஸ்ட்ல வராது சார்."

ஐயரிடம் போய் அப்படியே சொன்னோம். "தெரியாத திருட்டுக்கு நான் தீர்ப்பு சொல்ல முடியாது. வைங்க" என்றார்.

வைத்துவிட்டோம். உன் பெயர் நன்றாகத் தெரிகிறது. எனக்குச் சந்தேகம் மட்டும் போகவில்லை மச்சான். அதையும் விட்டுவிட்டால் உன்னோடு பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது?

கல்லை இறக்கும்போது கடப்பாரை நழுவிப் பக்கத்து இங்கிலீஷ்காரர் கல்லறையின் மூலை உடைந்தது. பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று துண்டை என் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது அது எங்கள் வீட்டுக் கதவு சாத்தாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.