இடது கைக்கு நகர்ந்த எழுத்துகள்

என்னைத் தூக்கி வளர்த்த எலிசபெத் அக்காவுக்கு,

நேற்று உன் கீபோர்டைத் திருகாணி கழற்றித் திறந்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாரிசவாதம் வந்து உன் வலது கை விழுந்த பிறகு, ஹட்டனில் நீ தமிழ் டைப் அடித்த கடையின் முதலாளி, "வீட்டுல இருந்து ரெஸ்ட் எடுங்கக்கா" என்று மரியாதையாகத்தான் சொன்னார். டிக்கோயாவுக்கு பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தோம். தோட்டத்து லயத்தில் நம் வீட்டு வாசலில் நின்று இடது கையைத் தூக்கிக் காட்டினாய்.

"டேய் அந்தோனி, நீ கம்பியூட்டர் திருத்துறவன்தானே? எழுத்தெல்லாம் இந்தக் கைக்குக் கொண்டு வா."

கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் அது கிடைத்தது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று நாமே மாற்றிக்கொள்ளும் கீபோர்டு. ஆனால் கரண்ட் போனால் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் மறந்துவிடும். நம் மழைக்குக் கரண்ட் போகாத வாரம் ஏது? வேலை முடிந்து அலுத்து வந்து, ஒவ்வொரு எழுத்தாக மறுபடி வைப்பேன். "'க' சுண்டுவிரலுக்கு எட்டலடா" என்று நீ முறைப்பாய். கடைசியில் சிப்பில் இருந்த புரோகிராமையே மாற்றி எழுதி, உன் எழுத்துகளை நிலையாகப் பதித்தேன். முதலாளி திரும்பக் கூப்பிட்டார். இரண்டாவது தடவை பாரிசவாதம் வந்து உன்னைக் கொண்டுபோகும்வரை நீ வேலைக்குப் போனாய்.

இப்போது அந்தக் கடையில் உன் இடத்தில் உன் மகள் ஜெசிந்தா. அவளும் உன் கீபோர்டில், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, உன்னைப் போலவே அடித்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது. நேற்று கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா, இத சாதாரணமா மாத்திக் குடுங்க."

"அம்மாவோடதும்மா. இருக்கட்டுமே."

"எனக்கு ரெண்டு கையும் இருக்கு மாமா. ஒத்தக் கையில அடிச்சு அடிச்சுத் தோள் விட்டுப் போகுது. அம்மா இருந்தா இப்படி விடுவாங்களா?"

விடமாட்டாய். அது எனக்கு ஏன் தோன்றவில்லை அக்கா?

நீ சொன்னபடி பதித்த எழுத்துகளை அழித்துவிட்டேன். பிரதி எடுக்கவில்லை. எடுத்தால் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அதற்கு என்னிடம் தெம்பில்லை. அவள் இரண்டு கைகளையும் விரித்து வைத்து அடிக்கத் தொடங்கியதும், நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

உன் பிள்ளை உன் வலியைச் சுமக்க இனி விடமாட்டேன்.

நீ தோளில் போட்டுத் தூங்க வைத்த தம்பி,
அந்தோனி