தரைக்கோட்டுக்குக் கீழே

அன்புள்ளவனே,

இன்று மாலை மகளின் மேசையில் கட்டம் போட்ட தாளைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். பரீட்சைக்குக் கணக்குப் போடுகிறாள். ஒரு வளைகோடு, அதன் உச்சி எங்கே, தரைக்கோட்டை எங்கெங்கே வெட்டுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். "என்னப்பா, இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்றாள். புழுக்கம் என்று பொய் சொன்னேன்.

நீ செத்துப்போய் மூன்று மாதமாகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அப்போது லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாம் இருவரும் கணக்கெழுதும் கிராணிகள். பாதை போடுவதற்காகக் குன்றின் மேல் வெடி வைத்துக் கல் உடைத்தார்கள். கல் எங்கே விழும் என்று நீதான் கணக்குப் போட்டாய். முந்தைய வெடியில் ஒரு கல் மேட்டுத் தரையிலேயே இருநூறு கஜம் தள்ளி விழுந்திருந்தது. "சைபர்ல கெளம்பி இருநூறுல விழுது. உச்சி நடுவுல, நூறுல, ஒசரம் அம்பது. உன் வீடு இருநூத்தி இருபதுல. இருபது கஜம் மிச்சம் கெடக்குடா, பயந்து சாகாதே" என்றாய்.

நானும் தாளைச் சரிபார்த்து மண்டையை ஆட்டினேன். அந்த ஆட்டல்தான் இன்றும் என்னைக் கொல்கிறது.

குன்றடியில் வரிசை வீடுகளாயிருந்த நம் லயத்தில் எல்லாரும் வேலைக்காட்டுக்குப் போய்விட்டார்கள். என் வீட்டில் மட்டும் மனைவி, பிறந்து ஏழு நாளான மகள், மாமியார். "கொஞ்ச நேரம் வெளியே இருங்களேன்" என்று கெஞ்சினேன். "பச்ச உடம்புக்காரி, தீட்டுக் கழியாம வாசல் தாண்டுறதா?" என்று மாமியார் சண்டைக்கு வந்தாள். உன் இருபது கஜத்தை நம்பிக் குன்றுக்குத் திரும்பிவிட்டேன்.

எச்சரிக்கைக்குத் தண்டவாளத் துண்டை அடித்தார்கள். திரியில் நெருப்பு வைத்தாகிவிட்டது. குன்றுச் சரிவில் நின்ற நீ அப்போதுதான் கீழே பார்த்தாய். என் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினாய்.

"ஐயோ, சைபரைக் கல்குழி மட்டத்துல வச்சிட்டேன்டா! உன் லயம் இருபத்திரெண்டு கஜம் பள்ளத்துல கெடக்கு. கல்லு இருநூறுல நிக்காது, எறங்கிக்கிட்டே வரும்!"

ஓடினோம். எனக்குக் கால் பின்னி, பாதியிலேயே விழுந்துவிட்டேன். நீதான் அயல் ஆண் நுழையக்கூடாத அந்த அறைக்குள் புகுந்து, பிள்ளையை வாரிக்கொண்டு, என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்து வந்தாய். மாமியார் உன்னைத் திட்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். வெடித்தது. கல் அத்தாப்பு ஓலைக் கூரையைப் பொத்துக்கொண்டு பிள்ளை படுத்திருந்த பாயில் விழுந்தது.

மறுநாள் கணக்கைத் திருப்பிப் போட்டாய். விடை சரியாக இருநூற்று இருபது. "யாருக்கும் சொல்லிடாதடா" என்றாய். சொல்லவில்லை. மகளுக்கு இன்றும் நீ உயிரைக் காப்பாற்றிய சித்தப்பா. கணக்கில் பிசகியவர்களும் நாம் இருவரும்தான் என்று அவளுக்குத் தெரியாது. நீ இருந்தவரை என்னோடு சேர்ந்து பயப்பட ஆள் இருந்தது. இப்போது நான் மட்டும்.

சற்றுமுன் அவள் உச்சியைக் குறித்துக் கோட்டை இறக்கினாள். தரைக்கோட்டை வெட்டிய பிறகும் பென்சில் கீழே போனது. "அங்கேயே நிறுத்தக்கூடாதாம்மா?" என்றேன்.

"நிக்காதுப்பா, அது போய்க்கிட்டேதான் இருக்கும்" என்று சிரித்தாள்.

அவள் பென்சில் போய் நின்ற அந்த இடத்தில்தான் அன்றைக்கு அவளுடைய பாய் விரித்திருந்தது.