ஜோதி நீச்சல் தெரியாமல் போகவில்லை

வாலிகண்டபுரம்,
19.2.2006

அன்பு மகன் பிரேம்குமாருக்கு அம்மா செங்கமலம் எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் கடல் தாண்டி உன் கைக்கு வரும்போது நீயும் மருமகள் கண்ணகியும் பேத்தி சக்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வாலீசுவரரைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். அப்பாவுக்கு முட்டி வலி, சாரம் ஏறுவதில்லை, கீழே நின்று செய்கிற பூச்சு வேலை கிடைத்தால் மட்டும் போகிறார். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த வருசம் வெங்காயம் நன்றாக விளைந்திருக்கிறது, விலைதான் இல்லை, ரோட்டோரமே கொட்டிக் கிடக்கிறது.

போன வாரம் நான் போனில் பேச்சை எடுத்ததும் “அம்மா, அந்தக் கிணத்துப் பேச்சு வேணாம்” என்று வைத்துவிட்டாய். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை தம்பி. ஆனால் அந்தப் பேச்சைப் பேசாமல் இதைச் சொல்ல முடியாது. போன் என்றால் வைத்துவிடுவாய், கடிதம் என்றால் கீழே போட்டாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். முழுக்கப் படி. படித்து முடிக்கும் வரை சக்தியை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போகாதே. அந்த சுனாமி அலை வந்துபோன பிறகு போர்ட் பிளேயர் பக்கம் எல்லாரும் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறார்கள் என்று கண்ணகி சொன்னாள். நீ எதற்காகப் பழக்குகிறாய் என்று எனக்குத் தெரியாதா. உன் தங்கை ஜோதி மாதிரி இன்னொரு பெண் பிள்ளை தண்ணீரில் போய்விடக் கூடாது என்றுதானே.

விசயம் உன் அக்கா சசிகலா வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறது. அவள் பையன் அருள்முருகன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறானே, அவன் கார்த்திகை மாதம் அரியலூரில் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடும்போது தொப்பென்று விழுந்துவிட்டான். முகம் வெளுத்து, கை கால் வெட்டி, கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறான். தூக்கிக்கொண்டு ஓடிய இடத்தில் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டும் பொங்கல் கழித்து மறுபடி விழுந்தான், அப்போதும் ஓட்டம்தான். இந்தத் தடவை வேறு ஒரு சின்ன வயசு டாக்டர் பார்த்தார். “ஓடும்போது மட்டும்தான் விழறானா?” என்று இரண்டு மூன்று தரம் கேட்டுவிட்டு நெஞ்சில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, அந்தக் காகிதத்தையே கையில் கொடுத்து, உடனே திருச்சிக்குப் போங்கள், குழந்தைகளுக்கு இதயம் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார். மாப்பிள்ளைக்கு சிமெண்ட் பேக்டரியில் லீவு கிடைக்கவில்லை. நானும் அப்பாவும் சசிகலாவுடன் போனோம்.

திருச்சியில் இருந்தது ஒரு பொம்பளை டாக்டர். நல்ல மாதிரி, உட்கார வைத்துப் பேசினார். நம் இதயம் ஒவ்வொரு தடவை அடித்த பிறகும் அடுத்த அடிக்குத் தயாராகக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுமாம். சில பேருக்குப் பிறவியிலேயே அந்த நேரம் நீளமாக இருக்குமாம். அப்படி இருக்கிறவர்கள் ஓடும்போதோ, நீந்தும்போதோ, திடீரென்று பயந்தாலோ அடிப்பு தாறுமாறாகி, மூளைக்கு ரத்தம் போகாமல் மயங்கி விழுந்துவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு வலிப்பு மாதிரிதான் தெரியும். தானாகச் சரியாகிவிட்டால் எழுந்துவிடுவார்கள், இல்லாவிட்டால் இல்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் ஒன்று கேட்டார். “உங்க குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களாம்மா? நல்லா இருந்தவங்க, ஓடும்போது, தண்ணியில, இப்படி?”

முதலில் உன் பிச்சைமுத்து மாமாவைச் சொன்னேன். நீ பிறப்பதற்கு முன்னாலேயே, பதினேழு வயதில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவன் ரோட்டிலேயே விழுந்து போய்விட்டான், வெயில் அடித்துவிட்டது என்று சொன்னார்கள். ஜோதியைப் பற்றி அப்பாதான் தலையைக் குனிந்துகொண்டே, “ஒரு பொண்ணு இருந்துச்சுங்க. பதினோரு வயசு. கிணத்துல முங்கிடுச்சு” என்றார். டாக்டர் உடனே, “நீச்சல் தெரியாதா?” என்று கேட்டார். நான்தான் சொன்னேன், நன்றாகத் தெரியும், அவள் அண்ணன் முதுகில் சுரைக்குடுவை கட்டிப் பழக்கினான், அந்தக் கோடையில் குடுவை இல்லாமலே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வருவாள் என்று. மோட்டார் மேட்டிலிருந்து குதித்தாள், நாலு கை வீசினாள், சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள் என்று நீ அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். அதற்கு முன்னாலும் ஒரு தரம் ஆட்டுக்குட்டியைத் துரத்தி ஓடி மயங்கினாள், பெரம்பலூரில் வலிப்பு மாத்திரை வாங்கினோம், தாயத்தும் கட்டினோம் என்பதையும் சொன்னேன்.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார், “இப்ப என்னால உறுதியா சொல்ல முடியாதும்மா, அந்தப் பொண்ண நான் பாக்கல. ஆனா நீங்க சொல்றதெல்லாம் வெச்சுப் பாத்தா அவ நீச்சல் தெரியாம சாகல. தண்ணிக்குள்ள இதயம் தடுமாறி மயங்கியிருக்கா. பக்கத்துல யார் இருந்திருந்தாலும் என்னன்னு புரிஞ்சிருக்காது.”

தம்பி, இந்த வரியை இன்னொரு தரம் படி. உன்னால் அவள் சாகவில்லை. பதினாலு வயதுப் பிள்ளை நீ, மூன்று தடவை மூழ்கித் தேடி அவளை மேலே கொண்டுவந்தாய். அப்போதே அவள் மூச்சு போயிருந்தது. சுடுகாட்டில் அத்தனை பேர் நடுவில் அப்பா உன்னைப் பார்த்து, “நீ கூட்டிட்டுப் போவலன்னா எம் புள்ள இருந்திருக்கும்” என்றாரே, அந்தச் சொல் உன்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று எனக்குத் தெரியும். மீசை முளைத்ததும் காண்ட்ராக்டர் ஒருவரோடு கப்பலேறியவன், இத்தனை வருசத்தில் சசிகலா கல்யாணத்துக்கு ஒரு தரம், கண்ணகியைக் காட்ட ஒரு தரம், அவ்வளவுதான் ஊருக்கு வந்தாய். வந்தபோதும் வயல் பக்கமே போகவில்லை.

டாக்டர் அதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து, “அப்ப எம் மவன் மேல தப்பு இல்லிங்களா?” என்று கேட்டார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, “எந்த மவன்?” என்றார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவர், பாடாலூர் தாண்டியதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். “பயல நானே தொரத்திட்டேன் செங்கமலம்” என்றார். பக்கத்து சீட்டுக்காரர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கே எங்கள் எல்லாருக்கும் ஈசிஜி எடுத்தார்கள். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. சசிகலாவுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. இந்த ஐம்பத்தைந்து வயது வரை ஒரு நாள் கூட மயங்காத எனக்கு இருக்கிறது. பிச்சைமுத்துவுக்கும் எனக்கும் எங்கள் அப்பா அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டும், என்னிடமிருந்து ஜோதிக்கும் சசிகலாவுக்கும் போயிருக்கிறது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பாம். இது யார் குற்றமும் இல்லை, கண்ணின் நிறம் மாதிரி என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது சரிதான், ஆனாலும் சோறு வடிக்கும்போது, தலை வாரும்போதெல்லாம், பால் கொடுத்த உடம்பிலிருந்துதானே அதுவும் போயிற்று என்று நினைப்பு வருகிறது. அந்த ஈசிஜி மெசின் ஜோதி இருந்தபோதும் பெரம்பலூரில் இருந்திருக்கிறது. பூசாரியிடம் போனோம், வலிப்பு டாக்டரிடம் போனோம், எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போனோம். அவள் நெஞ்சில் அந்த ஒயரை வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜெல்லியைத் தடவி அப்படியே படுத்திருந்தால் போதும், வலியே இல்லை தம்பி. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சசிகலாவின் கைக்குழந்தைக்கும் பார்க்க வேண்டும் என்றதும் அவள் மாமியார் இருசம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. “பொட்டப் புள்ளைக்கு நெஞ்சு நோவுன்னு பேரு வெச்சா நாளைக்கு எவன் கட்டுவான்?” என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார். நான் சம்பந்தி வீட்டில் குரல் உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. அன்றைக்கு, “கட்டிக் குடுக்கறதுக்கு மொதல்ல புள்ள இருக்கணுமில்ல சம்பந்தி. எம் பொண்ணுக்கு அந்தப் பேரு வெக்காமத்தான் வெச்சிருந்தேன், எங்க இருக்கா காட்டுங்க” என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்க் குழந்தைக்குச் சட்டை மாட்டிக் கொண்டுவந்தார். திருச்சியில் அது அழுத அழுகையில் கோடெல்லாம் கிறுக்கலாக வந்தது. அப்புறம் சசிகலா பால் கொடுத்துத் தூங்க வைத்து, மாரில் குட்டிக் குட்டி ஒயர்களை ஒட்டி, மறுபடி எடுத்தார்கள். இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு தரம் சரியாக இருந்தால் போதாது, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அருள்முருகனுக்குத் தினமும் மாத்திரை, ஓட்டமும் நீச்சலும் கிடையாது. முதலில் ஒரே அழுகை, இப்போது தெருப் பிள்ளைகள் கிரிக்கெட்டில் அவனை அம்பயராக வைத்திருக்கிறார்கள், கையைத் தூக்கி அவுட் கொடுப்பதில் அவனுக்கு ஒரே பெருமை. எனக்கும் சசிகலாவுக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், விடாமல் போடுகிறோம்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். போன மாதம் கதவு படாரென்று அடித்துக்கொண்டதும் சக்தி கண் செருகி விழுந்தாள், காலையில் சாப்பிடாததால் இருக்கும் என்று கண்ணகி சொன்னாளே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அது சாப்பிடாததாகவே இருக்கட்டும். ஆனால் பார்த்துவிட வேண்டும். போர்ட் பிளேயரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே, நீயும் சக்தியும் இரண்டு பேரும் ஈசிஜி எடுங்கள். குடும்பத்தில் இப்படி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல், சொல்லாவிட்டால் அவர்கள் தேட மாட்டார்கள். அங்கே மலேரியா ஜுரம் அதிகம் என்பாய், மலேரியா மாத்திரையிலும் வேறு சில மாத்திரைகளிலும் இந்த உடம்புக்கு ஆகாதவை உண்டாம், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். கண்ணகியிடம் மறைக்காதே. நான் போனில் சொல்லலாம், ஆனால் நீ சொல்வதுதான் முறை.

நீ டெஸ்ட்டுக்குப் போக மாட்டாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கு இருந்து சக்திக்கும் இருந்துவிட்டால், மறுபடியும் என்னால்தான் என்று நீ உள்ளுக்குள் வைத்துக்கொண்டு புழுங்குவாய், உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியும். அப்படி எதுவும் வந்தால் அதைக் கொடுத்தவள் நான். கோபம் வந்தால் என்னைத் திட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன். உன்னை நீயே தண்டித்துக்கொண்டது போதும் சாமி.

மருமகளுக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம். மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு இருங்கள். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. ஈசிஜி பார்க்கிற வரைக்கும் சக்தி தண்ணீரில் இறங்கக் கூடாது, இதை மட்டும் மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
செங்கமலம்

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்வதையும் எழுதச் சொல்கிறார், அவர் வாய்ப்படியே எழுதுகிறேன்: “தம்பி, புள்ளைக்கு டெஸ்ட் எடுத்ததும் போன் பண்ணு. எங்கிட்டப் பேசணும்னு இல்ல. அம்மாகிட்ட சொன்னாப் போதும். நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கறேன்.”